மார்ச் மாதச் சேமிப்பும் சீக்கிர ஓய்வும்

"நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிடுவேன். அதற்குள் வேண்டியதைச் சேர்த்துவிடுவேன்" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து இதற்கு ‘ஃபயர்’ என்று ஒரு பெயரும் வந்திருக்கிறது. வரியை எப்படிக் குறைப்பது, மிச்சமாவதை எங்கே போடுவது என்றெல்லாம் கைபேசியிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தங்கள் தலைமுறையில்தான் பிறந்த யோசனை என்று அவர்கள் நினைக்கும்போது, நடந்ததைக் கொஞ்சம் சொல்லி வைக்கலாமே என்று தோன்றுகிறது.

நான் தபால் இலாகாவில், தஞ்சை ஜில்லாவின் ஒரு தலைமைத் தபால் நிலையத்தில் சேமிப்புப் பிரிவுக் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். வரியைக் குறைப்பதற்காகப் பணம் கட்ட வந்தவர்களையும், அறுபதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டுக் கையில் செக்கோடு வந்தவர்களையும் அதே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யார் நிம்மதியாக இருந்தார்கள், யார் சிரமப்பட்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது வரிக் கணக்கில் இல்லை. அதைச் சொல்ல முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வரி வந்த கதை

1857 கலகத்தை அடக்கிய செலவில் இந்திய அரசாங்கத்தின் கஜானா காலியாகிக் கடன் ஏறிப் போயிருந்தது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதி உறுப்பினராக அனுப்பினார்கள். தொப்பி வியாபாரத்தில் தொடங்கி, ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையை ஆரம்பித்தவர் அவர். 1860இல் அவர் கொண்டு வந்ததுதான் நம் நாட்டின் முதல் வருமான வரி. ஆண்டுக்கு 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குள் வருமானம் இருந்தால் 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். அந்த ஆண்டு ஜூலை 24இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் அந்தத் தேதியை வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். வில்சன் அடுத்த மாதமே வயிற்றுக்கடுப்பு வந்து கல்கத்தாவில் இறந்து போனார்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் இதில் இருக்கிறது. அப்போது மதராஸ் கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். இந்த வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று அவர் பகிரங்கமாக எதிர்த்தார். அதோடு நிற்காமல் தன் குறிப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டுவிட்டார். பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அதே டிரெவெலியன் இந்தியாவின் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். ஐந்து ஆண்டுக்கு என்று போடப்பட்ட வில்சனின் வரி 1865இல் காலாவதியானபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான்.

நிலையான வருமான வரி 1886ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதிலேயே வரியைக் குறைக்க ஒரு வழியும் இருந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டினால் ஓர் அளவு வரை அதற்கு வரி இல்லை. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அளவு மொத்த வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. பழைய காலத்து அரசன் விளைச்சலில் ஆறில் ஒன்றை வாங்கிக்கொண்டான் என்று படித்திருக்கிறோம். இங்கே, உன் குடும்பத்துக்காக எடுத்து வைத்தால் அந்த ஆறில் ஒரு பங்குக்கு வரி கேட்க மாட்டேன் என்றது சர்க்கார்.

1925இல் பிராவிடண்ட் ஃபண்டு சட்டம் வந்தது. அரசாங்க ஊழியர்களின் பி.எஃப். பணத்தைக் கடன்காரர் கோர்ட் மூலம் ஜப்தி செய்ய முடியாது என்றது அது. வட்டிக் கடையில் மாட்டிக்கொண்ட குமாஸ்தாக்கள் நிறைந்த காலத்தில் அது பெரிய பாதுகாப்பு. ஆக, சுதந்திரத்துக்கு முன்பே ஓர் ஏற்பாடு உருவாகிவிட்டது: சேமி, வரியில் சலுகை தருகிறேன், ஆனால் அந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்க விட மாட்டேன்.

எங்கள் காலம்

1961 சட்டம் வந்த பிறகு வரி விகிதங்கள் ஏறிக்கொண்டே போயின. 1973-74இல் உச்ச விகிதம் 85 சதவீதம், அதன் மேல் 15 சதவீத சர்சார்ஜ். ஆக மொத்தம் 97.75 சதவீதம். ஆண்டு வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இரண்டேகால் ரூபாய்தான் சம்பாதித்தவருக்கு மிஞ்சும். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் அந்த உயரத்துக்கெல்லாம் போகவில்லை. ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் போனாலே வரி என்பதால் ஹெட்மாஸ்டர், தாசில்தார், பேங்க் ஏஜெண்ட் எல்லாரும் வரி வலையில் இருந்தார்கள். வாஞ்சூ கமிட்டியின் யோசனைப்படி அடுத்த ஆண்டே உச்ச விகிதத்தை 77க்குக் குறைத்தார்கள். 1985இல் வி.பி. சிங் அதை 50க்குக் கொண்டு வந்து, 18,000 ரூபாய் வரை வரி இல்லை என்றார்.

1974ஐ நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். விலைவாசி தாறுமாறாக ஏறிய நேரம். கூடுதலாகக் கிடைத்த பஞ்சப்படியில் பாதியைக் கையில் தராமல் கட்டாய டெபாசிட்டில் போட்டார்கள். 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரிக் கட்டாய டெபாசிட் தனியாக இருந்தது. பின்னால் வட்டியோடு தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் திட்டினோம். திரும்பி வந்த பணத்தில் ஓடு மாற்றியவர்களும் பெண்ணுக்குத் தோடு வாங்கியவர்களும் உண்டு.

இதற்கிடையில் 1968 ஜூலை 1இல் பப்ளிக் பிராவிடண்ட் ஃபண்டு, அதாவது பி.பி.எஃப். ஆரம்பமானது. அதுவரை பி.எஃப். என்பது மாதச் சம்பளம் வாங்குபவருக்கு மட்டும்தான். வக்கீல், டாக்டர், மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கும் அதே வசதி என்று வந்த திட்டம் இது. தொடக்கத்தில் வட்டி 4.8 சதவீதம்தான். பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்றதும் பலர் முகம் சுளித்தார்கள். 1986 ஏப்ரலில் வட்டி 12 சதவீதமானது. 2000 ஜனவரி வரை, ஏறத்தாழ பதினாலு வருஷம், அது அசையவே இல்லை. தேசிய சேமிப்புப் பத்திரம் ஆறு வருஷத்தில் இரட்டிப்புக்குச் சற்று மேலேயே கொடுத்தது. அந்த வருஷங்களில் விலைவாசியும் வேகமாக ஏறியது, 1991ஐ ஒட்டி இரட்டை இலக்கத்தைத் தொட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் பாஸ்புக்கில் 12 சதவீத வட்டியைப் பார்த்தவன் அது நிரந்தரம் என்று நம்பிவிட்டான்.

மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் கவுண்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சம்பளப் பட்டுவாடா அதிகாரி கேட்கும் ரசீது வேண்டும். அதற்காக வாத்தியார்கள், மின்வாரியத்துக்காரர்கள், எல்.ஐ.சி.காரர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நடுவில் சிறுசேமிப்பு ஏஜெண்ட் அம்மாக்கள் கட்டுக் கட்டாக விண்ணப்பங்களோடு வருவார்கள். கலெக்டர் ஆபீசிலும் சிறுசேமிப்புக்கு இலக்கு வைத்திருந்தார்கள். வசூலில் பெரும்பகுதி மாநில அரசுக்கே கடனாகப் போனதால் அவர்களுக்கும் அதில் அக்கறை.

இந்தச் சலுகையின் கணக்கும் இடையில் மாறியது. முன்பு சேமித்த தொகை வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் கழிவு கிடைத்தால் 50 சதவீதப் படியில் இருந்தவருக்கு 500 ரூபாய் லாபம், 20 சதவீதப் படியில் இருந்தவருக்கு 200தான். அதாவது பணக்காரருக்கே அதிகச் சலுகை. 1990இல் மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது இதை மாற்றி 88ஆம் பிரிவைக் கொண்டு வந்தார்கள். யாராக இருந்தாலும் சேமித்ததில் 20 சதவீதம் வரியிலேயே கழியும். 60,000 ரூபாய் சேமித்தால் 12,000 ரூபாய் வரி குறையும். 2005இல் ப. சிதம்பரம் மறுபடி பழைய முறைக்கே போய் 80சி பிரிவில் ஒரு லட்சம் வரை கழிவு கொடுத்தார். 2014இல் அது ஒன்றரை லட்சமானது.

மூன்று பூட்டுகள்

சலுகை தந்த சேமிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பூட்டு இருந்தது. சீக்கிரம் ஓய்வு பெற நினைப்பவர் அந்தப் பூட்டு எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை வேலைப் பூட்டு. பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் இந்த வகை. வேலையை விட்டால் திறக்கும். ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் இல்லாமல் தொழிலாளர் பி.எஃப்.ஐ எடுத்தால் விட்ட வரியையும் திரும்பக் கேட்பார்கள்.

இரண்டாவது வயதுப் பூட்டு. பென்ஷன் திட்டங்கள் இந்த வகை. தொழிலாளர் பென்ஷன் 58 வயதில். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் குறைத்துத்தான் தருவார்கள். 2004இல் வந்த தேசிய பென்ஷன் திட்டத்தில் 60க்கு முன் வெளியேறுபவர் சேர்ந்த தொகையில் 80 சதவீதத்தைப் பென்ஷனாக மாற்றியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்தில் வீட்டுக்குப் போக நினைப்பவருக்கு இந்தப் பூட்டு உதவாது.

மூன்றாவது வருஷப் பூட்டு. பி.பி.எஃப்.பும் சேமிப்புப் பத்திரமும் இந்த வகை. வயது கேட்காது, வேலை கேட்காது. இருபத்தெட்டு வயதில் பி.பி.எஃப். ஆரம்பித்தவருக்கு நாற்பத்து நாலில் முழுப் பணமும் கையில். வேண்டாம் என்றால் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொண்டே போகலாம். எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் அறுபதுக்கு முன் தைரியமாக வேலையை விட்டவர்கள் அநேகமாக இந்த மூன்றாவது பூட்டை வைத்திருந்தவர்கள்.

2001 ஏப்ரல்

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் பரீட்சை வந்தது பொதுத்துறை வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில்தான். 2000-01இல் வந்த வி.ஆர்.எஸ். அது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆள் அதிகம் என்று அரசாங்கமும் வங்கிகளும் முடிவு செய்தார்கள். 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷ சர்வீசுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது கருணைத் தொகை. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள்.

வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்றே 10(10சி) என்று ஒரு பிரிவு உண்டு. விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரை வரி இல்லை. மாதம் 10,000 ரூபாய் சம்பளம், 25 வருஷ சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாள் வீதம் 50 மாதச் சம்பளம், அதாவது சரியாக 5 லட்சம். ஒரு பைசா வரி கிடையாது. "இவ்வளவு பணம் வரியில்லாமல் இனி எப்போது கிடைக்கும்?" என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அப்படி வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரே கிளையில் வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு இரண்டொரு வயது குறைவு. கிடைத்த தொகையும் ஏறக்குறைய ஒன்றே.

முதலாமவர் எங்கள் கவுண்டருக்கு வந்து மனைவி பெயரையும் சேர்த்து மாத வருமானத் திட்டத்தில் 6 லட்சம் போட்டார். கூட்டுக் கணக்குக்கு அப்போது அதுதான் உச்சவரம்பு. 2001 மார்ச்சிலிருந்து வட்டி 9.5 சதவீதம். மாதம் 4,750 ரூபாய் வரும். ஆறு வருஷத் திட்டம் என்பதால் இடையில் வட்டி குறைந்தாலும் அவருக்குக் குறையாது. முதிர்வில் 10 சதவீதம் போனசும் உண்டு. பழைய பி.பி.எஃப். கணக்கை மூடாமல் நீட்டி வைத்தார். "பேங்கில் இதைவிட எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமே சார்" என்று நானே கேட்டேன். "எடுக்க முடியாமல் இருக்கத்தான் இங்கே வந்தேன்" என்று சொல்லிவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாமவர் கெட்டிக்காரர். வட்டி 12லிருந்து இறங்கியிருக்கிறது, சீக்கிரம் மறுபடி ஏறிவிடும், அப்போது நீண்ட காலத்துக்குப் போடலாம் என்று ஒரு வருஷ டெபாசிட்டாகவே வங்கியில் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அவர் கணக்கில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. பதினாலு வருஷம் 12 சதவீதத்தைப் பார்த்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வட்டி ஏறவில்லை. பி.பி.எஃப். வட்டியையே பாருங்கள். 2000 ஜனவரியில் 11, 2001 மார்ச்சில் 9.5, 2002 மார்ச்சில் 9, 2003 மார்ச்சில் 8. மூன்று வருஷம் இரண்டு மாதத்தில் 12லிருந்து 8. வங்கிகளில் இன்னும் மோசம். 2003-04இல் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட டெபாசிட்டுக்கே பெரிய வங்கிகள் ஐந்தரை சதவீதத்தை ஒட்டித்தான் கொடுத்தன. 6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 4,500. ஐந்தரை என்றால் 2,750. குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயது. அவர் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதப் போனார். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அவர் திட்டமிட்ட ஓய்வு அதுவல்ல.

2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட், யு.எஸ்-64 யூனிட்டுகளின் விற்பனையையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தி வைத்ததையும் மறக்க முடியாது. ரிட்டையர் ஆனவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்ட இடம் அது. அந்தக் கோடையில் வெளியே வந்தவர்கள் பலர் அதிலும் மாட்டிக்கொண்டார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். இந்த இரண்டு பேரும் மிச்சம் பிடித்த வரி ஒரே அளவு. 88ஆம் பிரிவு இருவருக்கும் ஒன்று, 10(10சி) இருவருக்கும் ஒன்று. வித்தியாசம் வந்தது, பணத்தை எத்தனை வருஷத்துக்கு, எந்த வட்டியில் கட்டி வைத்தார்கள் என்பதில்.

அரசாங்கம் இவர்களை முழுக்கக் கைவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2003இல் எல்.ஐ.சி. மூலம் 55 வயதானவர்களுக்கு 9 சதவீதத்தில் வரிஷ்ட பென்ஷன் பீமா யோஜனா வந்தது. ஆனால் மாதப் பென்ஷன் 2,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. 2004 ஆகஸ்டில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வந்தது. அதுவும் 9 சதவீதம், 15 லட்சம் வரை. 60 வயது என்று பொது விதி வைத்துவிட்டு, விருப்ப ஓய்வில் வந்தவர்களுக்கு மட்டும் 55 என்று தளர்த்தினார்கள். நல்ல திட்டம். ஆனால் 48 வயதில் வெளியே வந்தவர் அதற்கும் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். சீக்கிர ஓய்வின் கஷ்டமே அந்த இடைவெளியில்தான். வேலைப் பூட்டுத் திறந்து பணம் வந்துவிட்டது, வயதுப் பூட்டுத் திறக்க இன்னும் நாளாகும்.

மறுபடியும் அதே கதை

இது ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். 2019 கடைசியில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வு அறிவித்தது. 50 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 78,000 பேர் 2020 ஜனவரி 31இல் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். அப்போது பி.பி.எஃப். வட்டி 7.9, மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.6. இரண்டே மாதம் கழித்து, ஏப்ரல் 1இல், அவை 7.1 ஆகவும் 7.4 ஆகவும் இறங்கின. பிப்ரவரி, மார்ச்சிலேயே மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டவருக்கு ஐந்து வருஷம் 8.6 உறுதி. கையில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு யோசித்தவருக்கு 7.4.

10(10சி) பிரிவில் அந்த 5 லட்சம் மட்டும் 2001இல் இருந்த அதே 5 லட்சமாகவே இருந்தது. வரிச் சலுகையின் சுபாவம் அது. கொடுத்த நாளில் பெரிதாகத் தெரியும், வருஷம் போகப் போக விலைவாசி அதைத் தேய்த்துவிடும்.

வட்டி விகிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு ஏப்ரலிலும் 10,000 ரூபாய் வீதம் பதினைந்து வருஷம் கட்டுகிறோம். 12 சதவீதத்தில் அது 4,17,500 ரூபாய்க்குச் சற்று மேல். 8 சதவீதத்தில் 2,93,200. இன்றைய 7.1இல் 2,71,200. கட்டியது மூன்றிலும் ஒன்றரை லட்சம்தான். சேமித்தவர் செய்த தியாகம் ஒன்றே, பலன் மட்டும் வேறு. அந்தப் பலனைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை.

இப்போது

2020இல் புதிய வரி முறை வந்தது. 2023இல் அதுவே இயல்பான முறையானது. 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் 12.75 லட்சம் வரை, வரி இல்லை என்றார்கள். இந்த முறையில் 80சி கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கு இன்னும் உண்டு. 30 சதவீதப் படியில் ஒன்றரை லட்சம் போட்டால் 46,800 ரூபாய் மிச்சம். ஆனால் அந்த முறையில் இருப்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். 1961 சட்டமே போய் 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்றாகிவிட்டது.

வரி குறைந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 1886இலிருந்து இருந்து வந்த அந்தப் பேரம் நின்றுவிட்டது. முன்பு, பூட்டி வைத்தால்தான் சலுகை. இப்போது பூட்டாமலேயே சலுகை. மிச்சமாகும் வரி சம்பளக் கணக்கிலேயே இருக்கும். அங்கிருந்து அது கார் தவணைக்கும் புதுக் கைபேசிக்கும் போக எந்தத் தடையும் இல்லை. எங்கள் காலத்தில் மார்ச் மாதப் பயத்தில் பணம் கட்டியவன் ஓய்வைப் பற்றி யோசித்தே கட்டவில்லை. ரசீதுக்காகக் கட்டினான். பதினைந்து வருஷம் கழித்துத்தான் அது ஓய்வுக்கான பணம் என்று அவனுக்கே தெரிந்தது.

ஆகவே சீக்கிரம் ஓய்வு பெற விரும்பும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். வரியைக் குறைக்கும் வழி வருஷா வருஷம் மாறும். பட்ஜெட் அன்றைக்குப் பார்த்துக்கொண்டால் போதும். மிச்சமான வரியை அந்த மாதமே எடுத்துத் தனியே பூட்டி வையுங்கள். பி.பி.எஃப்.பில் போட்டதற்குப் புதிய முறையில் கழிவு இல்லையே தவிர, வட்டிக்கும் முதிர்வுக்கும் இன்றும் வரி இல்லை. ஒன்றரை லட்சம் வீதம் பதினைந்து வருஷம் கட்டினால் இன்றைய வட்டியில் 40 லட்சத்துக்கு மேல். அது மட்டும் போதாது என்பது எனக்கும் தெரியும். மற்றதைப் பங்கிலோ ஃபண்டிலோ போடுவது உங்கள் இஷ்டம்.

வேலையை விடும் நாளில் இருக்கும் வட்டியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சாப்பாடு, வைத்தியம், பிள்ளைகள் படிப்பு நடக்கும் என்றால் தைரியமாக விடுங்கள். நடக்காது என்றால் இன்னும் சில வருஷம் வேலை பாருங்கள். நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை எந்தப் பென்ஷனும் வராத அந்தப் பதினைந்து வருஷத்துக்குத் தனியாக ஒரு தொகையைக் கட்டி வையுங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "வட்டி மறுபடி 12 ஆகாதா தாத்தா?" என்றான். ஆனால் ஆகட்டும், ஆகாது என்று வைத்துக் கணக்குப் போடு என்றேன். அடுத்த வாரம் போன் செய்து, பி.பி.எஃப். கணக்கு ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னான். முதல் தவணை ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் கட்டு, அப்போதுதான் அந்த மாத வட்டியும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.